மூன்றாவது ஜோடிக் கை

"கொஞ்ச நாளைக்குத்தானே?"

"கொஞ்ச நாளைக்குத்தாங்க. வேற நல்ல இடம் கிடைக்கிற வரைக்கும்னு அந்த ஆபீசரம்மா சொன்னாங்க."

"அப்போ சரி. ரொம்பப் பாசம் வெச்சுடாத."

"நான் ஏன் வைக்கப் போறேன்? நீங்க வெச்சுடாதீங்க."

"நானா? எனக்கு வேலைக்கே நேரம் பத்தல."

தற்காலிகமாக வளர்க்க ஒரு குழந்தை வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு இது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்லிக்கொள்வது அபூர்வம். அவர் லிப்ட் மெக்கானிக். தொட்டிலின் தலைமாட்டில் மாட்டுவதற்காக ஒரு சின்ன விளக்கை அன்று காலையிலேயே வாங்கி, ஸ்பானர் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அவள் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவள். வாடிக்கைக்காரர்களின் துணியில் மிஞ்சிய பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, உள்ளங்கை அகலத்தில் சட்டைகள் தைத்து அலமாரியின் அடித்தட்டில் பதுக்கியிருந்தாள்.

அந்தப் பேச்சை அவள் இப்போதும் அடிக்கடி நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். ஏனென்றால் 'கொஞ்ச நாள்' முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. குழந்தை உட்காரப் பழகிவிட்டது. அவர் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே, "எங்க என் விசிலு?" என்றுதான் கேட்கிறார்.

விசில் என்பது அவர் வைத்த பெயர். பிறக்கும்போதே குழந்தையின் மூச்சுக்குழாய் சரியாக அமையவில்லை. டாக்டர்கள் கழுத்தில் சிறிய துளை போட்டு, அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழாயைப் பொருத்தியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. குழாய் நழுவாமலிருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி. சளி கட்டினால் குழாயிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வரும். உடனே சளி எடுக்கும் மிஷினைப் போட்டு, ஒரு மெல்லிய டியூபை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருநாளைக்குப் பலமுறை. தாமதித்தால் மூச்சு அடைத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. குழந்தை அழுதால் சத்தம் வராது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், கண்ணீர் வழியும். குரல் மட்டும், தொண்டைக்கு எட்டுமுன்பே குழாய் வழியாக வெறும் காற்றாக வெளியே போய்விடும். அதனால் காதை நம்பி அந்த வீட்டில் யாரும் வேறு அறைக்குப் போக முடியாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தையற்காரி தன் மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் தொட்டிலில். முன்பெல்லாம் அவள் தைத்த தையல் நேர்கோடு. இப்போது சில பாவாடைகளின் ஓரம் லேசாக வளைகிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்களும் தொட்டிலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

கணவருடைய குடும்பத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது கௌரவமான குடும்பம். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்பது அவர்களுக்குப் பிச்சை எடுப்பதற்கு அடுத்த வீடு.

"என் வாழ்க்கையில நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு உதவின்னு போய் நின்னதில்ல" என்பார் மாமனார். தபால் இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கம்பீரமான மீசை வைத்திருந்தார். அதைக் கண்ணாடி பார்க்காமல் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வார். கை கொஞ்சமும் நடுங்காது என்பது அவருடைய இரண்டாவது பெருமை.

யாரிடமும் கேட்காமலேயே அவருக்கு எல்லாம் நடந்துவிடும் என்பதுதான் விசேஷம். பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்த வேண்டுமென்றால், "இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடும்மா" என்று மருமகளிடம் கேட்கமாட்டார். பேன்ட்டை மடித்துக் கொண்டுவந்து அவளுடைய தையல் மேஜையில் வைப்பார். "இந்தத் துணியெல்லாம் இப்போ தண்ணில போட்டாலே சுருங்கிடுது" என்பார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். துணி சுருங்குமா, தொப்பை பெருகுமா என்றெல்லாம் மருமகள் ஆராயக் கூடாது. பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஒரு காரியம் நடக்க வேண்டிய நேரத்தில், "நாங்க யாரையும் எதுவும் கேக்கறதில்ல." காரியம் எப்படியோ முடிந்துபோன பிறகு, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஓடி வந்திருப்போமே!" இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் மூன்று தலைமுறையை ஓட்டிவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் தையற்காரிக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஒருநாள் நாத்தனாரிடம், "அண்ணி, அந்த இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில், சொந்தக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம், "அவளுக்கு இஸ்திரிப் பெட்டி வேணுமானு கேளுங்க!" என்று நாத்தனார் சொல்வதும், எல்லாரும் குலுங்கிச் சிரிப்பதும் வழக்கமாயிற்று. அவளும் கூடவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்கும் வாயைத் தைத்துக்கொண்டாள்.

நாத்தனார் அந்த ஊர் மகளிர் சேவை மன்றத்தின் தலைவி. கருணை என்ற தலைப்பில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். தம்பி வீட்டுக்கு விசில் வந்ததும் முதலில் பூரித்தவர் அவர்தான். மன்றத்துப் பெண்களைக் கூட்டி வந்து காட்டினார். அவர்கள் வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நின்று, "ஐயோ பாவம்", "எப்படித்தான் பாக்கறீங்களோ", "உங்களுக்குச் சொர்க்கம் நிச்சயம்" என்றார்கள். ஒருத்தியும் தொட்டில் வரை போகவில்லை. சொர்க்கத்துக்கு வழி சொன்னவர்களுக்குத் தொட்டிலுக்கு வழி தெரியவில்லை.

இப்படிப் புகழ்ச்சியில் போய்க்கொண்டிருந்த காரியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் தடம்புரண்டது.

"அப்பா, விசிலை நாங்களே தத்தெடுத்துக்கலாம்னு இருக்கோம்" என்றார் லிப்ட் மெக்கானிக். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாமனாரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. நாத்தனார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தத்தா? எதுக்குடா தத்து? அதான் வளத்துட்டுத்தானே இருக்கீங்க?"

"வேற இடத்துக்கு அனுப்பிடுவாங்கக்கா. யாரும் எடுத்துக்கலைன்னா பெரிய ஹோமுக்குப் போயிடும்."

"போகட்டுமே. அங்க நர்ஸுங்க இருக்காங்க, மிஷின் இருக்கு. நம்மளவிட நல்லாப் பாத்துப்பாங்க. இங்க பாரு, நீங்க பண்றது பெரிய சேவை. நானே மேடையில சொல்லிட்டு வர்றேன். ஆனா சேவை வேற, சொந்தம் வேற. என்ன இருந்தாலும் பெத்த மாதிரி வருமா?"

"பெத்தவளே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டா" என்றார் மாமனார். "அவளுக்கே வேண்டாம்னு ஆன பிறகு நமக்கென்ன?"

"அவ சின்னப் பொண்ணு மாமா" என்றாள் தையற்காரி மெதுவாக. "பக்கத்துல யாருமே இல்லாம இருந்திருக்கா. பாவம், அவ என்ன செய்வா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. இது உங்க வீடு, உங்க இஷ்டம். நம்ம பேரைப் போடணும்னு சொல்றீங்க. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் கழுத்துல என்னன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இன்னும் பல்லே முளைக்கலப்பா" என்றார் மகன்.

"பல்லு முளைக்கும். கழுத்து ஓட்டை மூடுமா?"

"வளர வளர ஆபரேஷன் பண்ணி மூடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"லாம்! லாம்னுதான் சொல்லியிருக்கார்" என்று மாமனார் கையைக் கழுவப் போனார்.

அன்றைக்குத் தையற்காரிக்கு ஒரு கணக்குப் புரிந்தது. ஊரார் குழந்தையின் கழுத்தில் ஓட்டை இருந்தால் அது பரிதாபம். அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மகான்கள். அதே குழந்தை வீட்டுக் குழந்தையாகிவிட்டால், அதே ஓட்டை குடும்பத்தின் குறை. அவளைத் தலைக்குமேல் தூக்கி வைத்தார்களே, அது குழந்தையைக் குடும்பத்துக்கு வெளியே வைத்திருப்பதற்கான வாடகை. புகழ்கிறவர்களுக்குக் கை எப்போதும் தட்டுவதற்குத்தான் வேண்டும். வேறு வேலைக்கு ஒழியாது.

அடுத்த வாரம் குழந்தைகள் நல அதிகாரி வந்தார். நல்ல மனுஷி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குவார். அன்றும் விசிலை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"தத்து குடுக்கிறதுல எங்களுக்குச் சந்தோஷம்தான். உங்களைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனா ஒரு சிக்கல் இருக்கும்மா. இப்போ நீங்க கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னு நாங்க அப்பப்போ ஒரு நர்ஸை அனுப்பறோம் இல்லையா? தத்து முடிஞ்சா அது நின்னுடும்."

"ஏங்க?"

"அப்புறம் அது உங்க குழந்தை ஆயிடுதே!"

யாருக்கும் சொந்தமில்லாதவரை ஒத்தாசைக்கு ஆள் உண்டு, சொந்தமானால் இல்லை. அதிகாரிக்கே சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது. குழந்தையின் காலுறையைச் சரிசெய்தபடி தொடர்ந்தார்.

"அதனால ஆஸ்பத்திரில கண்டிப்பாச் சொல்றாங்க. நீங்க ரெண்டு பேர் போதாது. உங்களுக்குக் காய்ச்சல் வரலாம், அவர் வேலையில மாட்டிக்கலாம். கழுத்துப் பட்டி மாத்தவே ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் குழாயைப் பிடிக்கணும். மூணாவதா ஒரு ஜோடிக் கை வேணும். கூலிக்கு வர்றவங்க வேண்டாம், நாளைக்கு நின்னுடுவாங்க. குடும்பத்துல ஒருத்தர். வியாழக்கிழமை காலைல வகுப்பு நடக்குது. வந்து கத்துக்கிட்டாப் போதும். உங்க வீட்டுல ஆளுக்கா பஞ்சம்? இந்த மாசத்துக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல ஹோமுக்கு அனுப்பறதை என்னால தள்ளிப்போட முடியாது."

உங்க வீட்டில் ஆளுக்கா பஞ்சம்! தையற்காரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கணவனிடம், "நீங்க உங்க அக்காகிட்ட கேளுங்களேன்" என்றாள்.

அவர் முகம், லிப்ட் நடுமாடியில் நின்றுபோன மாதிரி ஆயிற்று. எந்தக் கட்டிடத்தில் எந்த லிப்ட் நின்றாலும் கயிற்றில் தொங்கியாவது இறங்கிச் சரிசெய்துவிடுகிற மனிதர். குழந்தைக்குச் சளி எடுக்கும்போது அவர் விரல்கள் பூத்தொடுப்பது போல இருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவர். 'கேள்' என்ற ஒரு பொத்தானை மட்டும் அவருக்குள் யாரும் பொருத்தவில்லை.

"கேக்கலாம்... நேரம் பாத்துக் கேக்கணும். இல்ல, அவங்களுக்கே தோணும் பாரு."

"தோணுமா?"

"நீ ஜாடையாச் சொல்லிப் பாரேன்."

சரியென்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் வந்திருந்தபோது, "வியாழக்கிழமை ஆஸ்பத்திரில சளி எடுக்கச் சொல்லித் தர்றாங்களாம் அண்ணி. ரொம்ப ஈசியாம். குடும்பத்துல ஒருத்தர் கத்துக்கிட்டா நல்லதாம்" என்றாள்.

"அப்படியா! எவ்வளவு நல்ல ஏற்பாடு!" என்று நாத்தனார் உருகினார். "கண்டிப்பா யாராவது போய்க் கத்துக்கணும்."

"ஆமா அண்ணி. யாராவது."

"யாராவது வருவாங்க, கவலைப்படாத. நல்லவங்களுக்கு ஒரு குறையும் வராது." பிறகு முகம் மலர, "உனக்கொரு சந்தோஷமான விஷயம். எங்க மன்ற ஆண்டு விழாவுல இந்த வருஷம் 'கருணைத் தாய்' விருது உனக்குத்தான். நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்!"

அந்தக் குடும்பத்தில் 'யாராவது' என்பவர் மிகவும் முக்கியமான உறவினர். எல்லா வேலையும் அவருக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் மட்டும் இன்றுவரை பிறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாமனார் இன்னொரு பேன்ட்டோடு வந்தார். தண்ணீரில் போட்டதும் சுருங்கிய பேன்ட். மேஜையில் வைத்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்தார்.

பாதித் தையலில் இருக்கும்போது விசில் பாலைக் கக்கிவிட்டது. கழுத்துப் பட்டி முழுக்க நனைந்துவிட்டது. ஈரப் பட்டியை அப்படியே விட்டால் தோல் புண்ணாகும், முடிச்சும் நழுவும். உடனே மாற்ற வேண்டும். கணவனுக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ ஒரு கட்டிடத்தின் லிப்ட் கிணற்றுக்குள் இருந்தார். போன் எட்டவில்லை.

குழந்தையைத் துண்டில் இறுகச் சுற்றி மேஜையில் கிடத்தினாள். புதுப் பட்டியையும் கத்தரிக்கோலையும் எடுத்து வைத்தாள். ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தாள்.

"பட்டி மாத்தணும் மாமா. ரெண்டு பேராப் பிடிச்சாத்தான் சரியா வரும்னு நர்ஸம்மா சொல்லுவாங்க."

"ம். அவங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமனார் பக்கத்தைத் திருப்பினார்.

"அவர் வேற போன் எடுக்கல."

"வேலைன்னா அப்படித்தான்."

அவள் உதடுவரை வந்தது அந்த வார்த்தை. இஸ்திரிப் பெட்டிச் சிரிப்பு அதைத் திரும்ப உள்ளே தள்ளியது. இடது கையின் இரண்டு விரலால் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் ஈரப் பட்டியை அவிழ்த்தாள். புதுப் பட்டியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அந்த நேரத்தில் குழந்தை துண்டிலிருந்து ஒரு கையை உருவி வீசியது. குழாய் பாதி வெளியே வந்துவிட்டது.

குழந்தையின் வாய் விரியத் திறந்தது. சத்தம் இல்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்தது.

மாமனார் எழுந்துவிட்டார். அவரை அந்த அளவுக்குக் குறை சொல்லக் கூடாது. பேப்பர் கீழே விழுந்தது. கொஞ்சமும் நடுங்காத அந்தக் கை மேஜையை நோக்கிப் பாதி தூரம் நீண்டுங்கூட வந்தது. ஆனால் யாரும் அவரைக் கேட்கவில்லையே! அழைக்காத பந்திக்குப் போய்ப் பழக்கமில்லாத கை, பாதி வழியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, திரும்பிப் போய் மீசையைத் தடவியது.

அதற்குள் அவள் குழாயைச் சரித்து உள்ளே தள்ளிவிட்டாள். காற்று புகுந்தது. நீலம் மெல்ல வடிந்தது. பல்லும் கையுமாக முடிச்சைப் போட்டு முடித்தபோது அவளுடைய முதுகு முழுக்க நனைந்திருந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா" என்றார் மாமனார். குரல் உண்மையிலேயே கம்மியிருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் பிடிச்சிருப்பேனே."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். அது தையல் மிஷினில் பாதியில் நின்ற பேன்ட்டில் போய் விழுந்தது.

"நேரமாகுது போல" என்றார், யாரிடமும் கேட்காமல்.

அன்றிரவுக்குள் சொந்தம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "எங்க மருமக ஒத்தக் கையால குழந்தையைக் காப்பாத்தினா! நான் கண்ணால பாத்தேன்!" என்று மாமனாரே போன் போட்டுச் சொன்னார். கேட்டவர்களெல்லாம் கண்கலங்கினார்கள். நாத்தனார் அதைத் தன் விழாப் பேச்சில் சேர்த்துக்கொண்டார்.

விழா மாதக் கடைசியில் வந்தது. அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை. இடையில் வந்த வியாழக்கிழமைகளிலெல்லாம் ஆஸ்பத்திரி வகுப்பில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது.

விழாவுக்காக நாத்தனார் குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கி அனுப்பியிருந்தார். கழுத்துவரை மூடும் உயரமான காலர், அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் சுருக்கு. "மேடையில குழாய் தெரிஞ்சா பாக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும். இது அழகா மறைச்சுடும்" என்று சொல்லி அனுப்பினார். குழாயை மறைத்தால் மூச்சும் மறைந்துவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தையற்காரி கத்தரிக்கோலை எடுத்தாள். காலரை முழுதாக வெட்டி எறிந்து, கழுத்தை அகலமாக்கி மடித்துத் தைத்தாள். அவள் வெகுநாளைக்குப் பிறகு போட்ட நேரான தையல் அது.

"அக்கா கோவிச்சுக்கப் போறா" என்றார் கணவர்.

"கோவிச்சுக்கட்டும். கேட்டா, தண்ணில போட்டதும் சுருங்கிடுச்சுன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்து முடிக்காமலே அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "திங்கக்கிழமை அந்த ஆபீசரம்மாகிட்ட என்ன சொல்லப் போறோம்?" என்றார்.

அவள் நூலை அறுத்தாள். "தெரியலங்க."

மன்றத்து மண்டபம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் மாமனார் மீசையை வெட்டிச் சீவி வந்து உட்கார்ந்திருந்தார். லிப்ட் மெக்கானிக் மேடையின் ஓரத்தில், காலடியில் சளி எடுக்கும் மிஷினோடு, மடியில் விசிலோடு இருந்தார். நாத்தனார் மைக்கைப் பிடித்தார்.

"பெத்தாத்தான் பிள்ளையா? ரத்தம்தான் சொந்தமா?" என்று கேட்டார். மண்டபம் தட்டியது. "இந்த உலகத்துல அனாதைன்னு எந்தக் குழந்தையும் இல்ல. எல்லாக் குழந்தையும் நம்ம குழந்தை!" மறுபடியும் தட்டியது. ஒற்றைக் கையால் குழந்தையைக் காப்பாற்றிய கதையைச் சொன்னபோது சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்பவத்தின்போது இரண்டு கையோடும் பக்கத்தில் ஒருவர் நின்ற விவரம் கதையில் இல்லை. அவர் முதல் வரிசையிலிருந்து தலையசைத்து ஆமோதித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் செய்த கேடயத்தை அவளிடம் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்தாலே கை வலிக்கும் போலிருந்தது.

"ரெண்டு வார்த்தை பேசு" என்றார் நாத்தனார். என்ன பேச வேண்டும் என்று முந்தின நாளே போனில் சொல்லிக்கொடுத்திருந்தார். "எனக்கு எதுவும் வேண்டாம், இந்தக் குழந்தையின் சிரிப்பே போதும்னு முடிச்சுடு. எல்லாரும் எழுந்து நின்னு தட்டுவாங்க."

அவள் மைக் முன்னால் வந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். அண்ணி பேசினதைக் கேட்டீங்க. எனக்கு..."

மேடை ஓரத்திலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. கூட்டத்துக்கு அது கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் கணவர் மிஷினைப் போட்டுவிட்டார். அது கர்ரென்று உறுமியது. அவர் ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறுகையால் டியூபை விட்டு, சளியை உறிஞ்சி எடுத்தார். மண்டபத்தில் பலர் முகத்தைச் சுளித்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாக் குழந்தையும் நம் குழந்தை என்று சற்று முன்னால் தட்டிய கைகளில் சில, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டன. நாத்தனார் மைக்குக்கு எட்டாத குரலில், "கீழ கொண்டு போகச் சொல்லு, கீழ கொண்டு போகச் சொல்லு" என்று முணுமுணுத்தார்.

மிஷின் நின்றது. குழந்தை தகப்பனைப் பார்த்துச் சிரித்தது. தகப்பன் என்றுதான் சொல்ல வேண்டும். சட்டம் மெதுவாக வரட்டும்.

தையற்காரி மறுபடி மைக்கைப் பார்த்தாள்.

"எனக்கு எதுவும் வேண்டாம்" என்றாள்.

தட்டுவதற்குக் கைகள் தயாராகின. நாத்தனார் புன்னகையோடு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்படிச் சொல்லச் சொன்னாங்க" என்றாள் அவள். "ஆனா அது பொய்ங்க. எனக்கு ஒண்ணு வேணும்."

நாத்தனாரின் புன்னகை இருந்த இடத்திலேயே உறைந்தது. அவள் கேடயத்தை மேஜையில் வைத்தாள். இரண்டு கையும் விடுபட்டதும் குரலும் விடுபட்ட மாதிரி இருந்தது. மைக்கைத் தாண்டி, முதல் வரிசையைப் பார்த்தாள். மாமனார் அந்தப் பார்வை தன் பக்கத்தில் இருப்பவருக்கோ என்று திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலி காலி.

"மாமா" என்றாள்.

மண்டபம் முழுக்க அந்த ஒரு சொல் மைக்கில் அதிர்ந்தது. அவருடைய கை மீசைக்குப் போகக் கிளம்பிப் பாதியில் நின்றது.

"அன்னைக்கே கேட்டிருக்கணும், வாய் வரல. இந்தப் பொண்ணு எங்களுக்கு வேணும். நம்ம பேரோட, நம்ம வீட்டுல வேணும். அதுக்கு எனக்கு நீங்க வேணும் மாமா. யாராவது இல்ல, நீங்க. வர்ற வியாழக்கிழமை காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. இவளைத் தூக்கவும், குழாயைப் பிடிக்கவும், சளி எடுக்கவும் கத்துக்கோங்க. ஊரைச் சாட்சியா வெச்சு, வாயைத் திறந்து கேக்கறேன். வருவீங்களா?"